ஒரு காருக்கு எத்தனை மூட்டை கரி?

தூத்துக்குடியில் புதுக் கார் வாங்கியவர்கள் கண்ணேறுக்குப் பயந்தார்களோ இல்லையோ, எங்கள் பழைய தெருவில் இருந்த கரிமூட்டை அண்ணாச்சிக்குப் பயந்தார்கள். நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலை போட்டு, ஆரன் அடித்துக்கொண்டே தெருவுக்குள் வருவார்கள். முக்கில் அண்ணாச்சி நிற்பது தெரிந்தால் போதும், மாலை ஆட ஆட வண்டி பின்னாலேயே போய்விடும். அடுத்த தெருவில் காரை நிறுத்திவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி உடுத்தியவர்கள் எல்லாம் திருடர்கள் மாதிரி நடந்து வீட்டுக்கு வருவார்கள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல் பானெட்டைத் தடவுவார். பிறகு கேட்பார்.

“நல்ல வண்டி, தம்பி. இது பொறக்கதுக்கு எத்தனை மூட்டை கரி செலவாச்சுன்னு தெரியுமா?”

“கரியா? அண்ணாச்சி, இது பெட்ரோல் வண்டி.”

“பெட்ரோலு நீ ஊத்துதது. நான் கேக்கது அதுக்கு முன்னாடி. இரும்பை உருக்கினானே, கண்ணாடியைக் காச்சினானே, டயரை வேக வச்சானே, அதெல்லாம் என்ன வெயில்ல காயப்போட்டா செஞ்சான்?”

அன்றிலிருந்து அந்தத் தம்பிக்குக் காரில் உட்காரும்போதெல்லாம் அடியில் அடுப்பு எரிகிற மாதிரியே இருக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதித் தருவது ஸ்டெல்லா டீச்சர். இந்தக் கதையில் அவரும் வருகிறார். தன்னைப் பற்றி ரெண்டு வார்த்தை நல்லதாகச் சேர்த்துப் போட்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அவர் என்னைவிட அஞ்சு வயது இளையவர். என்னை ‘எக்கா’ என்பார். ஊரே அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நானும் அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். அக்காவுக்குத் தம்பி அண்ணாச்சியா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அது நடக்கும்.

விளாத்திகுளம் பக்கத்துக் காட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா வேலிக்கருவை விறகை அடுக்கி, மேலே மண் பூசி, நாள்கணக்கில் புகைய விட்டுக் கரி எடுக்கிறவர். ஒரு மூட்டை கரி என்றால் எத்தனை மரம், எத்தனை நாள் புகை, எத்தனை பேர் இருமல் என்பது அண்ணாச்சிக்கு நெஞ்சுக்கூட்டிலேயே தெரியும். பிறகு இங்கே வந்து, துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் லாரிகளை எடை போடும் மேடையில் முப்பது வருஷம் வேலை பார்த்தார். லாரி உள்ளே போகும்போது ஒரு எடை, வெளியே வரும்போது ஒரு எடை. நடுவில் வித்தியாசப்படுவதுதான் சரக்கு. மனிதர்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பார். கல்யாண வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பந்திக்குப் போகிறவரை ஒரு பார்வை, பந்தி முடிந்து வருகிறவரை ஒரு பார்வை. “முக்கால் கிலோ” என்பார். வெற்றிலை போட வாய் திறந்தவர் அப்படியே நின்றுவிடுவார்.

கரிக்காட்டுப் பிள்ளை எடைமேடையில் முப்பது வருஷம் உட்கார்ந்தால் என்ன ஆகும்? வேலையிலிருந்து நின்ற மறுநாளே, ஓடுகிற கார்களை எல்லாம் கரிமூட்டையாக மாற்ற ஆரம்பித்துவிட்டார். காருக்கு மூன்று பக்கம் உண்டு என்பார். பிறப்பு, பிழைப்பு, இறப்பு. செய்கிறபோது எரிந்த கரி பிறப்பு. ஓடுகிறபோது எரிவது பிழைப்பு. பெட்ரோல் கிணற்றிலிருந்து கப்பல் ஏறி, லாரி ஏறி வந்த பாடும் அதில் சேரும். கடைசியில் உடைத்துப் பழைய இரும்பாக்குவது இறப்பு. உடைத்ததில் திரும்பக் கிடைக்கும் இரும்பைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்.

“மனுசன் செத்தா ஒண்ணும் திரும்பக் கெடைக்காது, எக்கா. கார் செத்தா இரும்பாவது கெடைக்கும். அந்த வகையில காரு மேலு” என்பார், நான் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு ஆள் உயரத்துக்குக் கார் வந்து நின்றது. ஏறுவதற்கே படி வேண்டும். அண்ணாச்சி அதைச் சுற்றி வந்தார். நேரே மேடைக்குப் போனார். போட்டோக்காரர் “சிரிங்க” என்கிறார், அண்ணாச்சி மாப்பிள்ளையின் காதில் சொல்லுகிறார்.

“மாப்ள, ஒத்த ஆளு ஆபீஸ் போக இந்த வண்டியா? இது பொறந்த கரிய வச்சு இந்தப் பந்திக்கு நித்தம் ஒரு வேளை பிரியாணி ஆக்கலாம். நீ தாத்தா ஆகுற வரைக்கும் ஆக்கலாம்.”

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் மாமா விடவில்லை. “அண்ணாச்சி, நித்தம் பிரியாணி தின்னா அவன் எங்க தாத்தா ஆகப் போறான்?”

அந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும் மேலே பார்த்துக்கொண்டு விரல் மடக்குகிறான்.

இன்னொன்று, அவருடைய காக்கிப் பை. தோளை விட்டு இறங்காது. உள்ளே பத்துக் கிலோ எடைக்கல் இருக்கும். போகிற இடத்தில் எல்லாம் தராசு சரியாக இருக்கிறதா என்று அதை வைத்துப் பார்ப்பார். மீன் விற்கிற பெண்கள் அவர் தலை தெரிந்தால், “ஏளா, கல்லு வருது!” என்று ஒருத்திக்கு ஒருத்தி குரல் கொடுப்பார்கள். அதுவரை ஒரு கிலோ நின்ற சூரை, அவர் வந்து நின்றதும் தொள்ளாயிரம் ஆகிவிடும். எனக்கு அதில் லாபம். மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். பேச வேண்டாம், சும்மா பக்கத்தில் நின்றால் போதும்.

மீன் பேச்சை எடுத்தால் எங்கேயோ போய்விடுவேன். என் மகள் கதைக்கு வருகிறேன்.

என் மகள் ரோஸ்லின் கார் ஓட்டுகிறவள். மருமகன் கப்பலில் இருக்கிறான், வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவான். அவள் முதலில் இறால் கம்பெனியில் இருந்தாள். காலையிலிருந்து ஐஸுக்குள் கையை விட்டு விட்டு, விரலெல்லாம் வெளுத்துப் போய் வருவாள். சோற்றைப் பிசையக்கூட முடியாது, நான் உருட்டிக் கொடுப்பேன். அதை விட்டுவிட்டு, டிரைவிங் படித்து, ஒரு பழைய வெள்ளைப் பெட்ரோல் காரை எடுத்தாள். தினமும் நாலு டீச்சர்மாரைச் சாயர்புரத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவாள். அந்த நாலு பேர்தான் அவளுடைய பிழைப்பு. அவர்கள் இல்லை என்றால் திரும்ப ஐஸ்தான்.

அப்போதுதான் எங்கள் தெரு டிராவல்ஸ் செல்வராஜ் புதுக் கரண்டு கார் வாங்கினான். சத்தமே வராது. தெருநாய்கள் கார் தாண்டிப் போன பிறகுதான் நினைவு வந்து குரைக்கும். செல்வராஜ் டீச்சர்மாரிடம் போய், “டீச்சர், புகையே இல்லாத வண்டி. இதுல வாங்க” என்று கூப்பிட்டான்.

ஸ்டெல்லா டீச்சர் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவர். மரம் நடு, புகையைக் குறை என்று தினமும் பாடம் நடத்திவிட்டு, புகை விடும் காரில் ஏற அவருக்கு மனசு உறுத்தியது. நாலு பேரும் கூடிப் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். எந்தக் கார் மொத்தத்தில் உலகத்துக்குக் குறைந்த பாரமோ, அடுத்த மாதத்திலிருந்து அதில்தான் போவது. தப்பு என்று சொல்ல முடியாது. (எழுதிக்கொண்டே ஸ்டெல்லா டீச்சர் தலையை ஆட்டுகிறார்.)

“அதை யாரு சொல்லணும்?” என்றான் செல்வராஜ்.

தெருவே ஒரே குரலில், “அண்ணாச்சி” என்றது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாரத்தில் நாலு நாள் மத்தியானம் அவருக்கு என் வீட்டுச் சாப்பாடு. தனி ஆள், பாவம். நம்ம ஆள்தானே தீர்ப்பு சொல்லப் போகிறார்! அன்றைக்குச் சீலா மீன் வாங்கி, தேங்காய் அரைத்து, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். நடுத்துண்டாகப் பார்த்து அவர் தட்டில் வைத்தேன். அவர் முள்ளைக்கூட விடாமல் சப்பினார்.

“குழம்பு ஏ ஒன், எக்கா. ஆனா ஒண்ணு, காரைப் பாக்கும்போது நான் வேற ஆளு.”

அடுத்த துண்டை நான் சட்டியிலேயே விட்டுவிட்டேன்.

வேலை ஆரம்பமானது. முதலில் ரோஸ்லின் காரின் ஆயுசைப் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் ஊர் உப்புக்காற்று காரைத் தின்றுவிடும். மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் அப்பளமாக இருக்கும். ஆனால் இந்தக் காரை நான் தினமும் நல்ல தண்ணீரில் துணியை நனைத்து அடிவரைக்கும் துடைப்பேன். அண்ணாச்சி என் சமையலறையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தார். டங், டங் என்று ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்டார். அரை மணி நேரம் கழித்துத் துருவோடு வெளியே வந்தார்.

“நாலு வருசம் கெடக்கும், எக்கா.”

“நல்லாப் பாத்தீயளா?”

“சத்தம் பொய் சொல்லாது. உங்க முழங்காலையும் இப்படித் தட்டிப் பாத்தாத் தெரியும்.”

அந்தக் கரண்டியை அப்புறம் நான் குழம்புக்குப் போடவே இல்லை.

பிறகு ஓட்டம். மூன்று நாள் ரோஸ்லின் காரில் டீச்சர்மார் போக வேண்டும், மூன்று நாள் செல்வராஜ் காரில். அதே ஆட்கள், அதே ரோடு. முதலில் பெட்ரோல் பங்கில் டேங்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார். நிரப்பியதும் நாலு பேரை விட்டுக் காரை ஆட்டச் சொன்னார், காற்றுக்குமிழி வெளியே வரட்டும் என்று. திரும்ப ஊற்றச் சொன்னார். திரும்ப ஆட்டச் சொன்னார்.

“அண்ணாச்சி, இது பெட்ரோல் டேங்கா, ஊறுகாப் பரணியா?” என்றான் பங்கில் நின்றவன்.

“பேசாம குலுக்குடே.”

செல்வராஜ் வீட்டில் இதைவிடக் கூத்து. மூன்று நாள் ஓடி முடித்த கார் எவ்வளவு கரண்டு குடிக்கிறது என்று வீட்டு மீட்டரில் பார்க்க வேண்டும். வேறு எதுவும் குடிக்கக் கூடாது அல்லவா? பேனை அணை என்றார். டிவியை அணை என்றார். பிரிட்ஜையும் அணை என்றார். மீட்டருக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். செல்வராஜின் மாமியார் பனைஓலை விசிறியோடு வாசலில் வந்து உட்கார்ந்தாள். தெரு முழுவதும் கேட்கிற குரல் அவளுக்கு.

“ஏலே செல்வராசு! காரு குளுகுளுன்னு கரண்டு குடிக்குது, நான் வேர்வையில குளிக்கேன். எம் பிள்ளைய ஒனக்குக் கட்டிக்குடுத்தேனா, காருக்குக் கட்டிக்குடுத்தேனா?”

சாயங்காலம் பிரிட்ஜைத் திறந்தால் ரெண்டு கிலோ பாறை மீன் கெட்டுப் போயிருந்தது. தெருவில் இத்தனை பூனை இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த மீனைப் பிடிக்கப் போன வள்ளத்து டீசலையும் காரின் கணக்கில் சேர்க்கலாமா என்று அண்ணாச்சி ஒரு நாள் முழுவதும் யோசித்தார். “சேத்தா நான் கடல்ல விழுவேன்” என்று செல்வராஜ் சொன்ன பிறகுதான் விட்டார்.

இன்னும் என்னென்னவோ கேட்டார். கரண்டு எங்கேயிருந்து வருகிறது, அதில் நிலக்கரி எவ்வளவு, காற்றாடி எவ்வளவு, அந்தக் காற்றாடியின் இறக்கையைச் செய்ய எவ்வளவு என்று தெரிந்தவர்களை எல்லாம் நச்சரித்தார். காரின் பேட்டரி எந்தக் கப்பலில் வந்தது என்று ஷோரூமுக்குப் போன் போட்டார். போனை எடுத்த பிள்ளை, “சார், உங்களுக்கு என்ன கலர் வேணும்?” என்று கேட்டதாம்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் எங்கள் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. நாலு டீச்சர்மாரும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி கையில் கரித்துண்டு. சுவரில் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் ரோஸ்லின் கார், வலது பக்கம் செல்வராஜ் கார். ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. வருஷத்துக்கு எத்தனை மூட்டை என்று பிறப்பையும் இறப்பையும் பிழைப்போடு பகிர்ந்து போட்டுக்கொண்டே போனார். எனக்கு எழுத்துதான் தெரியாது. கோடு தெரியும். வலது பக்கம் கோடு வளரும்போது எனக்கு மூச்சு வரும். இடது பக்கம் வளரும்போது போகும். பேட்டரிக்காக வலது பக்கம் வரிசையாகக் கோடு போட்டார் பாருங்கள், நான் ரோஸ்லின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

கடைசியில் கரித்துண்டு இடது பக்கம் போனது. ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு அரைக்கோடு போட்டார்.

“அரை மூட்டை” என்றார், சுவரைப் பார்த்தபடியே. “பெட்ரோல் வண்டி அரை மூட்டை கூடத் திங்குது.”

செல்வராஜ் துள்ளிக் குதித்தான். அவன் மாமியார், “எம் மீனு கெட்டதுக்கு ஆண்டவரு பதில் சொல்லிட்டாரு” என்று சிலுவை போட்டுக்கொண்டாள். டீச்சர்மார் ரோஸ்லின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்கள். இன்னும் பத்து நாளில் மாதம் முடிகிறது.

அன்றைக்கு மத்தியானம் அவருக்குக் குழம்பு அனுப்பவில்லை. மறுநாளும் அனுப்பவில்லை. பசித்தால் கரியைத் தின்னட்டும் என்று சொல்லிவிட்டேன். ரோஸ்லின்தான் அடக்கினாள்.

“எம்மா, அந்த ஆளு பொய் சொல்லலையே. ஒங்க மீனுக்காக ஒரு கோட்டை அழிச்சிருந்தா அப்புறம் அவரு மொகத்துல எப்படி முழிக்க?”

சொல்லிவிட்டு இறால் கம்பெனிக்குப் போன் போட்டு வேலை இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு அதைக் கேட்டு இன்னும் கோபம் வந்தது. சுவரில் இருந்த அந்த அரைக்கோட்டைச் சேலைத் தலைப்பால் தேய்த்துப் பார்த்தேன். கரி போகவில்லை. சேலைதான் போனது.

வியாழக்கிழமை மத்தியானம். தெருவில் யாரோ ஓடி வருகிற சத்தம். பார்த்தால் அண்ணாச்சி. அவர் ஓடி நான் பார்த்ததே கிடையாது. பை ஒரு பக்கம் இழுக்க, ஆள் ஒரு பக்கம் சாய்ந்து வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

“எக்கா! டிரைவர் எறங்கல!”

“எந்த டிரைவரு? எங்கன? ஆக்சிடெண்டா?”

“நாந்தான், எக்கா! நான் எறங்கல!”

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். கோபம் இருந்தது, ஆனால் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? பிறகு சொன்னார். அவர் வேலையை விட்டாலும் பழைய எடைமேடைப் பக்கம் தினமும் போய் உட்காருவார். லாரி மேடையில் ஏறினால் டிரைவர் இறங்கிவிட வேண்டும். உள்ளே போகும்போது இறங்கி நின்றுவிட்டு, வெளியே வரும்போது ஸ்டீரிங்கிலேயே உட்கார்ந்திருந்தால் டிரைவரையும் சரக்கோடு சேர்த்து எடை போட்டதாகிவிடும். அன்றைக்கு ஒரு டிரைவர் இறங்காமல் உட்கார்ந்திருக்க, மேடையில் இப்போது இருக்கிறவர், “அண்ணே, எறங்குங்க, ஒங்களையா விக்கப் போறோம்?” என்று கத்தியிருக்கிறார். அதைக் கேட்டதும் அண்ணாச்சிக்குத் தலை சுற்றிவிட்டது.

செல்வராஜ் காரில் நாலு டீச்சர்மாரும் அவனும் உட்கார்ந்தால் வேறு ஆளுக்கு இடமில்லை. புதுச் சீட்டு நசுங்கும் என்று அவன் அண்ணாச்சியை ஏற்றவும் இல்லை. அவர் மொபெட்டில் பின்னாலேயே போனார். ஆனால் ரோஸ்லின் என்ன செய்தாள்? “வெயில்ல மொபெட்டுல எதுக்கு, அண்ணாச்சி? டீச்சர், கொஞ்சம் நெருக்கிக்கிடுங்க” என்று பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். ஸ்டெல்லா டீச்சர் கதவோடு ஒட்டிக்கொண்டு மூன்று நாள் போனார். அண்ணாச்சி மடியில் பை, பைக்குள் பத்துக் கிலோ கல்.

“முப்பது வருசமா ஊர்ல உள்ள டிரைவரை எல்லாம் ‘எறங்குலே, எறங்குலே’ன்னு சொன்னவன், எக்கா. நான் எறங்கலையே! எம் பாரத்தையும் கல்லு பாரத்தையும் ஒங்க பிள்ளை மேல ஏத்தி எடை போட்டுட்டேனே!”

“அப்போ அந்த அரை மூட்டையக் கழிச்சிரும்” என்றேன். எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

அவர் என்னை ஏதோ கெட்ட வார்த்தை கேட்டதுபோல் பார்த்தார்.

“கழிக்கவா? குத்துமதிப்பாவா? தப்பா நிறுத்தா திருப்பித்தான் நிறுக்கணும்.”

நேரே ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்குப் போய், மற்ற மூவரையும் வரவழைத்து, தெருவே பார்க்க நின்று சொன்னார். “நான் தப்பா நிறுத்துட்டேன். ஒங்க நாலு பேரையும் தப்பா வழி அனுப்பப் பாத்தேன். இன்னும் மூணு நாள் தாங்க.” எடையில் தவறே செய்யாதவர் என்று ஊர் முழுவதும் பெயர் வாங்கியவர், காக்கிப் பையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி நின்றார். செல்வராஜ் முனகினான். ஆனால் அவனுடைய காரைத் திரும்ப ஓட்ட வேண்டாம், அதன் எடை சரிதான், பிரிட்ஜை அணைக்க வேண்டியதில்லை என்றதும் அவன் மாமியார் முதல் ஆளாக, “நிறுக்கட்டும்லே” என்று சம்மதம் கொடுத்தாள்.

மறுபடி பரணி குலுக்கல். டேங்க் மூடிக்கு அரக்கு வைத்து முத்திரை வேறு வைத்தார், லாரிக் கதவுக்கு வைக்கிற மாதிரி. இந்த முறை அவர் ஏறவில்லை. மூன்று நாளும் டவுன் பஸ்ஸில் சாயர்புரம் போய், கார் வந்து சேர்ந்துவிட்டதா என்று பள்ளிக்கூடக் கேட்டில் விசாரித்துவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பினார். மூன்றாம் நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் அவரோடு போனேன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகள், கூடைக்காரிகள், ரெண்டு கோழி, ஒரு ஸ்டவ். அண்ணாச்சியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தலைகளை எண்ணுகிறார். டயரை நினைக்கிறார். டீசலை நினைக்கிறார். எனக்கு அந்த முகம் தெரியும். பாதி வழியில் அவர் கண் விரிந்தது.

“எக்கா, ஒண்ணு தெரியுமா? இத்தனை பேரையும் சேத்துப் பாத்தா ரெண்டு காருமே தோத்துப்போவும். பஸ்ஸுதான் ராசா! ஆளுக்கு ஒரு கைப்பிடி கரி கூட வராது!”

 அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார்.

“யாரும் கேக்கலையே, எக்கா. கேக்காததச் சொல்ல நான் என்ன கிறுக்கனா?”

ஊர் உலகத்தில் யாரும் கேட்காததை மட்டுமே சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர் அவர்.

சாயங்காலம் பெட்ரோல் பங்கில் நாங்கள் காத்திருந்தோம். கார் வந்தது. டீச்சர்மார் இறங்கினார்கள். செல்வராஜும் வந்து கை கட்டி நின்றான். அண்ணாச்சி முத்திரையை உடைத்தார். ஊற்றினார்கள், குலுக்கினார்கள், ஊற்றினார்கள். ரோஸ்லின் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். அண்ணாச்சி ஒரு அட்டையில் கோடு போட்டார். நான் இடது பக்கத்தையே பார்த்தேன். அது வலது பக்கத்தின் உயரத்தை எட்டாமல், கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

“பெட்ரோல் வண்டி ஒரு கூடை கரி கம்மி” என்றார். பிறகு செல்வராஜிடம் திரும்பினார். “நீ வருத்தப்படாத. ஒன் வண்டி பொறந்தப்பவே பெருந்தீனி தின்னுட்டுது, ஆனா பொழப்புல சிக்கனம். நெறைய நாள் ஓட்டு, இதைத் தாண்டிருவ. ரோசு, நீயும் கேட்டுக்க. இந்த வண்டி செத்தா அடுத்தது கரண்டு வண்டிதான் எடுக்கணும்.”

“சரி, அண்ணாச்சி” என்றாள் ரோஸ்லின். அழுதுகொண்டே சிரித்தாள். பங்கில் நின்றவன்கூடக் கை தட்டினான்.

அத்தோடு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஸ்டெல்லா டீச்சர் இருக்கிறாரே! இப்போது பேனா பிடித்திருக்கிற இதே ஆள்தான், கையை உயர்த்தி ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணாச்சி, இந்த ரெண்டையும்விடக் கம்மியாக் கரி தின்னு நாங்க போக வேற வழி உண்டா?”

 அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் காக்கிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். திரும்ப இந்தத் தோளுக்கு மாற்றினார். 

“உண்டு, டீச்சர். நாங்க வந்த டவுன் பஸ்ஸு.”

 ரோஸ்லினின் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

நாலு டீச்சர்மாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது ஸ்டெல்லா டீச்சர்தான்.

“நாங்க பஸ்ஸுல போய்ப் பாக்காமலா இருந்தோம்? முதல் பஸ்ஸு போய்ச் சேரதுக்குள்ள அங்க மணி அடிச்சிருதே, அண்ணாச்சி! அதுவும் போக, பஸ்ஸு வாசல்ல வந்து நின்னு, ‘டீச்சர், குடை எடுத்தாச்சா? கண்ணாடி எடுத்தாச்சா?’ன்னு கேக்குமா? இவ கேக்கா.”

“அதுக்குக் கரி செலவில்ல. கணக்குல சேராது” என்றார் அண்ணாச்சி, தலையைத் தூக்காமலே.

“சேராட்டிப் போவுது. சனிக்கெழமை நேரங்கழிச்சுத்தான் மணி. சனிக்கெழமை மட்டும் பஸ்ஸு, மத்த நாளு ரோஸ்லின். சரியா?”

ரோஸ்லின் தலையை ஆட்டினாள். டீச்சர்மார் காரில் ஏறினார்கள். நாலு பேர், ஓட்டுகிறவள் ஒருத்தி. கார் திரும்பும்போது ரோஸ்லின் கண்ணாடியை இறக்கி, “எம்மா, நாளைக்கே இறால் கம்பெனிக்கு வர மாட்டேன்னு சொல்லிரணும்” என்று கத்திவிட்டுப் போனாள்.

நானும் அண்ணாச்சியும் ரோட்டோரம் நின்றோம். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“கேட்டுட்டாவளே, எக்கா” என்றார் கடைசியில். “நான் என்ன செய்ய?”

மினிபஸ் வந்தது. ஒரே ஒரு ஜன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. நான்தான் முதலில் ஏறினேன். அதில் கையை ஊன்றி இடம் பிடித்துக்கொண்டு, அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.